சொல்லாமல் வைத்ததை எழுதுவது: ஆணுக்கு எப்படி, பெண்ணுக்கு எப்படி?

1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் கல்லூரி மாணவர்களிடம் உடல்நலம் பற்றிப் பக்கம் பக்கமாகக் கேள்விகள் கேட்டுக்கொண்டிருந்தார். தலைவலி அடிக்கடி வருமா, வயிற்றுப் புண் உண்டா, டாக்டரிடம் எத்தனை முறை போனீர்கள் என்கிற மாதிரிக் கேள்விகள். அவற்றுக்கு நடுவே ஒரு கேள்வி மட்டும் வேறு மாதிரி இருந்தது. 17 வயதுக்கு முன்னால் பாலியல் ரீதியாக மனத்தை உலுக்கிய சம்பவம் ஏதாவது நடந்ததா? அதற்கு 'ஆம்' என்று குறித்தவர்களின் தாளில் மற்ற எல்லா உபாதைகளும் கூடுதலாக இருந்தன. பிறகு 'சைக்காலஜி டுடே' இதழ் வழியாக இதே கேள்வி பெரிய அளவில் கேட்கப்பட்டது. பதில் அனுப்பியவர்கள் சுமார் 24,000 பேர். பெண்களில் 22 சதவீதம் பேரும் ஆண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவரும் 'ஆம்' என்றார்கள். இவர்களில் ஆணும் சரி, பெண்ணும் சரி, மற்றவர்களைவிட அதிகமாக நோய்வாய்ப்பட்டிருந்தார்கள்.

நடந்த கொடுமையே உடம்பைப் படுத்துகிறது என்று இதற்குச் சுலபமாகக் காரணம் சொல்லிவிடலாம். பென்னிபேக்கர் அங்கே நிற்கவில்லை. இவர்களில் பெரும்பாலோர் அந்தச் சம்பவத்தை யாரிடமும் சொன்னதில்லை என்பது அவருக்கு உறுத்தியது. 1984இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், கணவனையோ மனைவியையோ தற்கொலையிலோ விபத்திலோ பறிகொடுத்தவர்களை அவரும் சக ஆய்வாளர் ஒருவரும் கவனித்தார்கள். இழப்பைப் பற்றி நெருங்கியவர்களிடம் பேசியவர்கள் அவ்வளவாக நோயில் விழவில்லை. பேசாமல் உள்ளுக்குள்ளேயே வைத்திருந்தவர்கள்தான் அடுத்த ஓராண்டில் அதிகம் அவதிப்பட்டார்கள். ஆக, பட்ட அடி ஒரு பங்கு என்றால், அதை மூடி மறைத்து வைத்திருக்கும் உழைப்பு இன்னொரு பங்கு.

பேச முடியாதவர் எழுதினால் என்ன ஆகும்? டல்லாஸ் நகரின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் பென்னிபேக்கரும் அவருடைய மாணவி சாண்ட்ரா பீலும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 1986இல் வெளியான அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் 46 மாணவர்கள். நான்கு நாள் தொடர்ந்து, நாளுக்கு 15 நிமிடம், தனி அறையில் உட்கார்ந்து எழுத வேண்டும். பெயர் எழுத வேண்டியதில்லை. எழுத்துப்பிழையைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு குழு காலணியைப் பற்றியோ அறையைப் பற்றியோ சாதாரணமாக எழுதியது. இன்னொன்று வாழ்க்கையின் மிக மோசமான சம்பவத்தின் தகவல்களை மட்டும் எழுதியது. மூன்றாவது உணர்ச்சிகளை மட்டும் கொட்டியது. நான்காவது குழு, என்ன நடந்தது, அது தங்களை என்ன செய்தது இரண்டையும் சேர்த்து எழுதியது.

தாத்தா பாட்டியின் மரணம், பெற்றோரின் மணமுறிவு, வீட்டுக்குள் நடந்த கொடுமை என்று என்னென்னவோ காகிதத்தில் வந்து விழுந்தன. எழுதி முடித்ததும் அவர்களின் ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. மனநிலை முன்னைவிட மோசமாகவே இருந்தது. பலன் தெரிந்தது ஆறு மாதம் கழித்து. நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் படியேறியது மற்றவர்களைவிடக் குறைவு. தகவலை மட்டும் எழுதியவர்களுக்கு இந்தப் பலன் கிடைக்கவில்லை.

மனந்திறந்து எழுதுவது என்ற இந்தச் சிறு முறையை வைத்து அதற்குப்பின் நூற்றுக்கணக்கான ஆய்வுகள் நடந்துவிட்டன. 1999இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வில் ஆஸ்துமா நோயாளிகளும் முடக்குவாத நோயாளிகளும் மூன்று நாள், நாளுக்கு 20 நிமிடம் எழுதினார்கள். நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது ஆஸ்துமாக்காரர்களின் நுரையீரல் திறன் 63.9 சதவீதத்திலிருந்து 76.3 சதவீதமாக உயர்ந்திருந்தது. முடக்குவாதத்தின் கடுமை 28 சதவீதம் குறைந்திருந்தது. நம்ப முடியாமல்தான் பலரும் இதைப் படித்தார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 2013இல் செய்த சோதனை இன்னும் நேரடியானது. 64 முதல் 97 வயது வரையிலான 49 முதியவர்கள் மூன்று நாள் எழுதினார்கள். பிறகு ஒவ்வொருவரின் மேற்கையின் உட்புறத்தில், மரத்துப்போக ஊசி போட்டு, 4 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சின்னதாக ஒரு வட்டம் தோலை எடுத்தார்கள். காயம் ஆறுகிறதா என்று சில நாளுக்கு ஒருமுறை படமெடுத்தார்கள். 11ஆம் நாள் பார்த்தபோது, மனத்தை வருத்திய விஷயத்தை எழுதியவர்களில் 76 சதவீதம் பேருக்குக் காயம் முழுமையாக ஆறியிருந்தது. அன்றாட வேலைகளைப் பற்றி எழுதியவர்களில் 42 சதவீதம் பேருக்குத்தான் ஆறியிருந்தது. கையில் பேனா பிடித்த அந்த ஒரு மணி நேரம் தோல்வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இனி ஆண், பெண் விஷயத்துக்கு வருவோம்.

1998இல் ஜோஷுவா ஸ்மித் என்ற ஆய்வாளர் அதுவரை வந்திருந்த 13 சோதனைகளை ஒன்றாக வைத்துக் கணக்குப் போட்டார். எழுதுவதால் பலன் உண்டு, அதுவும் நடுத்தர அளவுக்கு உண்டு என்று தெரிந்தது. கூடவே எதிர்பாராத ஒன்றும் கிடைத்தது. எந்தச் சோதனையில் ஆண்கள் அதிகமோ அதில் பலனும் அதிகம். அவர் தந்த விளக்கம் நமக்குப் புதிதல்ல. வளர்ப்பு முறையால் ஆண்கள் உணர்ச்சியை வெளியே காட்டாமல் அடக்கியே பழகியவர்கள். தோழியிடம், அக்காவிடம், பக்கத்து வீட்டுக்காரியிடம் பெண்ணுக்குக் கிடைக்கும் வடிகால் ஆணுக்கு வாய்ப்பதில்லை. அதனால் முதல்முறையாகத் தாளில் இறக்கும்போது அவனுக்குக் கூடுதலாகச் சுமை குறைகிறது.

இதற்குத் துணையாக வேறு சான்றுகளும் உண்டு. பென்னிபேக்கரின் கட்டுரை வந்த அதே 1986இல் ஜேம்ஸ் ஓ'நீலும் சக ஆய்வாளர்களும் ஆண்மை பற்றிய எதிர்பார்ப்பு ஓர் ஆணை எவ்வளவு நெருக்குகிறது என்பதை அளக்க 37 வாக்கியங்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். அதன் நான்கு பகுதிகளில் ஒன்று முழுக்க உணர்ச்சியை அடக்கிவைக்கும் பழக்கத்தைப் பற்றியது. எமரி பல்கலைக்கழகத்தின் ராபின் ஃபைவுஷ், பெற்றோர் சிறு குழந்தைகளோடு பழைய சம்பவங்களை நினைவுகூர்ந்து பேசுவதைப் பதிவுசெய்து ஆராய்ந்தவர். மகளிடம் பேசும்போது வருத்தம், துக்கம் பற்றிய பேச்சு மகனிடம் வருவதைவிட அதிகமாக வருகிறது என்று அவருடைய ஆய்வுகள் காட்டின. மூன்று நான்கு வயதிலேயே ஒரு குழந்தைக்குத் தன் வருத்தத்தைச் சொல்ல வார்த்தை கிடைக்கிறது, இன்னொன்றுக்குக் கிடைப்பதில்லை. "ஆம்பளப் புள்ள அழலாமா?" என்ற கேள்வி நம் வீடுகளில் அதற்கும் முன்னாலேயே தொடங்கிவிடுகிறது.

ஆனால் ஆண் உள்ளே உணர்வதே குறைவு என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. ஆன் கிரிங், ஆல்பர்ட் கார்டன் இருவரும் 1998இல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் உணர்ச்சியைக் கிளறும் படத்துண்டுகளைக் காட்டினார்கள். பெண்களின் முகத்தில் உணர்ச்சி அதிகம் தெரிந்தது. எவ்வளவு உணர்ந்தீர்கள் என்று கேட்டபோது இரு தரப்பும் சொன்னது ஏறக்குறைய ஒரே அளவு. முகம்தான் வேறு.

வேலையிழந்தவர்களிடம் செய்த ஒரு சோதனையை இங்கே சொல்ல வேண்டும். டல்லாஸில் ஒரு கணினி நிறுவனம் பணிநீக்கம் செய்த அனுபவசாலிகள், பெரும்பாலும் ஆண்கள், நடுத்தர வயதைத் தாண்டியவர்கள். 1994இல் வெளியான அந்த ஆய்வில் 63 பேர். வேலை போனதன் அவமானத்தையும் கோபத்தையும் ஐந்து நாள் எழுதியவர்களுக்கு, மற்றவர்களைவிடச் சீக்கிரம் புது வேலை கிடைத்தது. இவர்கள் ஒன்றும் கூடுதலாக விண்ணப்பம் போட்டுவிடவில்லை. மற்றவர்கள் முயன்ற அளவுதான் முயன்றார்கள். மாறியது பழைய நிறுவனத்தின் மேல் இருந்த மனப்பான்மை. பழைய முதலாளியின் மேலுள்ள ஆத்திரம் நேர்காணல் மேசையில் எட்டிப்பார்த்தால் எதிரே இருப்பவர் உடனே கவனித்துவிடுவார். எழுதியவர்கள் அந்த ஆத்திரத்தைக் காகிதத்திலேயே தீர்த்துவிட்டு வந்தார்கள் என்பது பென்னிபேக்கரின் ஊகம்.

இவ்வளவையும் படித்தால், 'எழுதுவது ஆண்களுக்கான மருந்து' என்று முடிவுகட்டத் தோன்றும். அவசரப்படக் கூடாது. ஸ்மித்தின் கணக்கு ஓர் ஆய்வையும் இன்னோர் ஆய்வையும் ஒப்பிட்டது. ஆண்கள் அதிகமிருந்த ஆய்வுகள் வேறு பல விதங்களிலும் மாறுபட்டிருக்கலாம்: வயது, தலைப்பு, எழுதிய நாள்கள். ஒரே ஆய்வுக்குள் ஆணையும் பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நம்பலாம். 2005இல் ஈவா எப்ஸ்டீன், டெனிஸ் ஸ்லோன், பிரையன் மார்க்ஸ் மூவரும் அப்படிப் பார்த்தார்கள், இதயத் துடிப்பையும் அளந்தபடி. ஒரு மாதம் கழித்து எழுதியவர்களின் மன உபாதையும் உடல் உபாதையும் குறைந்திருந்தன. ஆணுக்கும் பெண்ணுக்கும் இதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

அப்படியானால் பாலினத்துக்கு இதில் பங்கே இல்லையா? இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் பங்கு உடலில் இல்லை. எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று ஊர் ஒவ்வொருவருக்கும் போட்டிருக்கும் பூட்டில் இருக்கிறது. ஆணுக்கு ஒரு கதவு பூட்டியிருக்கிறது, பெண்ணுக்கு வேறொரு கதவு.

நம் ஊர் இழவு வீட்டைப் பாருங்கள். உள்ளே பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறார்கள். இறந்தவரின் பெருமை மட்டுமா அதில் வருகிறது? பிறந்த வீடு கைவிட்டது, சொத்தில் பங்கு கிடைக்காமல் போனது, புகுந்த வீட்டில் பட்ட பாடு எல்லாம் சேர்ந்தே வருகிறது. நாள் முழுக்க வாயே திறக்காத ஒரு மருமகள், அந்த ஒரு நேரத்தில் ஊரறியப் பாட்டாகச் சொல்லிவிடுகிறாள். யாரும் தடுப்பதில்லை. வெளியே பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஆண்களுக்கு அந்த வழி கிடையாது. தகவல் சொல்வது, பாடை கட்டுவது, சுடுகாட்டுக்கு ஏற்பாடு செய்வது என்று ஓடிக்கொண்டிருக்கிறார்கள். தகப்பனை இழந்த மகன் பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் இருந்தால் அதைத் தைரியம் என்று மெச்சுகிறோம்.

ஆனால் அதே பெண்ணிடம் ஒப்பாரிக்கு வெளியே என்ன இருக்கிறது? துக்கப்பட அவளுக்கு அனுமதி உண்டு. கோபப்பட இல்லை. கணவன் அடிப்பதை, சொந்தக்காரன் கை வைத்ததை, பெற்ற பிள்ளைமேல் சில நேரம் வரும் வெறுப்பை எங்கே சொல்வாள்? "வீட்டு விஷயம் வெளியே போகக்கூடாது" என்ற பூட்டு அவளுக்குத்தான் இன்னும் இறுக்கம். 'சைக்காலஜி டுடே' கேள்விக்கு 'ஆம்' என்றவர்களின் விகிதம் ஆண்களில் இருந்ததைவிடப் பெண்களில் ஏறக்குறைய இரு மடங்கு என்பதை மறந்துவிடக் கூடாது.

பூட்டு யாருக்கோ அவருக்குத்தான் பலன் என்பதற்கு இன்னொரு சான்று. 2010இல் ஜான் பச்சான்கிஸும் மார்வின் கோல்ட்ஃபிரைடும் தன்பாலீர்ப்புள்ள 77 கல்லூரி ஆண்களை மூன்று நாள் எழுதவைத்தார்கள். அந்த அடையாளத்தால் பட்ட கடுமையான அனுபவத்தைப் பற்றி எழுதியவர்கள் மூன்று மாதம் கழித்துத் தங்களைப் பற்றி மற்றவர்களிடம் கூடுதலாக மனம்விட்டுப் பேசுகிறவர்களாக இருந்தார்கள். ஆதரவாகப் பேச ஆள் குறைவாக இருந்தவர்களுக்குப் பலன் அதிகம்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். சொல்லாமல் அடக்குவது ஒரு வகைத் துன்பம் என்றால், சொன்னதையே மனத்துக்குள் திரும்பத் திரும்ப அசைபோடுவது வேறு வகை. இந்த இரண்டாவதை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர் சூசன் நோலன்-ஹோக்ஸிமா. 1989 அக்டோபரில் கலிஃபோர்னியாவை லோமா ப்ரியேட்டா நிலநடுக்கம் உலுக்கியது. அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்புதான் அவர் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடம், வருத்தம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுக் குறித்துவைத்திருந்தார். நிலம் ஆடி முடிந்த பத்து நாளிலும் ஏழு வாரத்திலும் மறுபடி கேட்டார். 'எனக்கு ஏன் இப்படி, நான் ஏன் இப்படி' என்று சுற்றிச் சுற்றி யோசிக்கும் பழக்கம் முன்பே இருந்தவர்கள்தான் அதிகமாக மனச்சோர்வில் விழுந்திருந்தார்கள். இப்படி அசைபோடுவது பெண்களிடம் சற்று அதிகம் என்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. வேறுபாடு பெரிதல்ல. ஆனால் மனச்சோர்வு பெண்களிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று அவர் வாதிட்டார். தன் கையில் அதிகாரம் இல்லாதவர்கள், எதையும் மாற்ற வழியில்லாதவர்கள், யோசிப்பதைத் தவிர வேறென்ன செய்வார்கள்?

அசைபோடுகிறவர் கையில் பேனாவைக் கொடுத்தால் என்ன ஆகும்? அரிசோனா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்பாரா குழு 2013இல் அண்மையில் மணவாழ்க்கை முறிந்த 90 பேரிடம் இதைப் பார்த்தது. ஒரு பகுதியினர் பிரிவைப் பற்றி மனந்திறந்து எழுதினார்கள். மற்றவர்கள் அன்றைய நாளில் என்ன செய்தோம் என்பதை உணர்ச்சி கலக்காமல் எழுதினார்கள். எட்டு மாதத்துக்குப் பின், அசைபோடும் பழக்கம் அதிகமுள்ளவர்களில் மனந்திறந்து எழுதியவர்கள் தேறாமல் இருந்தார்கள். சமைத்தது, கடைக்குப் போனது என்று எழுதியவர்கள்தான் தேறியிருந்தார்கள். எழுத்து சிலருக்குப் புண்ணைக் கீறிவிடும் என்று இந்த ஆய்வு வெளிப்படையாகவே சொன்னது.

மாறாக, 2006இல் மனச்சோர்வுக்கு ஆளாகக்கூடிய மாணவர்களைப் பற்றி வந்த ஓர் ஆய்வில், உணர்ச்சியை அடக்கிவைக்கும் குணமுள்ளவர்களுக்கு எழுதுவது நன்றாக வேலை செய்தது. அவர்களிடம் சுற்றிச் சுற்றி நொந்துகொள்வதே குறைந்தது. இரண்டு முடிவும் ஒன்றுக்கொன்று முரண் போலத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. இதுவரை வாய்திறக்காதவருக்கு எழுத்து புது வழி. ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு அது அதே வட்டத்தில் இன்னொரு சுற்று ஆகிவிடலாம்.

எழுத்தில் எது வேலை செய்கிறது என்பதையும் பென்னிபேக்கர் எண்ணிப் பார்த்திருக்கிறார், சொல் சொல்லாக, கணினி நிரல் ஒன்றைக் கொண்டு. பலன் பெற்றவர்களின் தாள்களில் முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் இடையே 'ஏனென்றால்', 'அதனால்', 'புரிகிறது' போன்ற சொற்கள் கூடிக்கொண்டே போயின. சோகமும் கோபமும் அளவோடு இருந்தன. ஒன்றுமே இல்லாவிட்டாலும் பலன் இல்லை, அதுவே நிரம்பி வழிந்தாலும் இல்லை. இன்னொன்று, 'நான்' மட்டுமே இருந்த பக்கத்தில் 'அவர்', 'நாங்கள்' எல்லாம் வந்து போயின. பார்வைக் கோணம் இடம்மாறியது.

ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள்: "அப்பா போய் ஒரு வருஷம் ஆச்சு. ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி. யாரையும் பாக்கப் பிடிக்கல." இதில் ஆபீஸ் வேலை இருக்கிறது, மனச்சலிப்பு இருக்கிறது, அப்பா பெயருக்கு மட்டும்தான் இருக்கிறார். நான்காம் நாள்: "ஆஸ்பத்திரில இருந்து போன் வந்தப்ப நான் எடுக்கல. ஏன்னா அதுக்கு முந்தின வாரம்தான் வீட்டை விக்கிறதுல எங்களுக்குள்ள சண்டை. அவருக்கும் அன்னிக்கு பயமா இருந்திருக்கும். அதைக் கேக்காமப் போயிட்டேன்னு இப்பதான் புரியுது." உள்ளே உருத்தெரியாமல் கிடந்த ஒன்றுக்கு இப்போது முன்பின் இருக்கிறது, காரணம் இருக்கிறது, எதிரே இன்னொரு மனிதர் இருக்கிறார். இப்படி ஒழுங்குபட்ட நினைவு சமயமில்லாத சமயத்தில் வந்து இடைமறிப்பது குறைகிறது. 2001இல் கிட்டி கிளைன், ஏட்ரியல் போல்ஸ் இருவரும் செய்த சோதனையில், எழுதிய மாணவர்களிடம் இப்படித் தானாக வந்து புகும் எண்ணங்கள் குறைந்து, ஒரே நேரத்தில் மனத்தில் தகவல்களை வைத்து வேலை செய்யும் திறன் ஏழு வாரத்தில் கூடியிருந்தது.

இந்த ஆய்வுகளைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் போய் நிற்பது அந்தத் தனி அறையில்தான். கதவைச் சாத்திக்கொண்டு உட்காரலாம், எழுதியதை வீட்டார் யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற உறுதி அங்கே முதலிலேயே கிடைத்துவிடுகிறது. 2006இல் ஜோஆன் ஃப்ராட்டரோலி 146 ஆய்வுகளைத் தொகுத்தபோதும், தனிமையில் எழுதியவர்களுக்குப் பலன் கூடுதல் என்றே தெரிந்தது. நம் வீடுகளில் எத்தனை பெண்களுக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவு இருக்கிறது? மகளின் டைரியைத் தாய் எடுத்துப் படிப்பதும், மனைவியின் போனைக் கணவன் திறந்து பார்ப்பதும் உரிமை என்றே இன்னும் பலர் நினைக்கிறார்கள். மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதி, மறுநாள் அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போடும் பெண்களை நம்மில் பலர் அறிவோம். நன்றாகத்தான் செய்கிறார்கள். எழுதியதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. வேண்டுமானால் அழித்துவிடலாம் என்பதே பென்னிபேக்கர் தரும் யோசனை.

எழுதியதை அழிக்காமல் ஊரறிய வைத்தவர்களும் உண்டு. கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்த எழுத்தாளர் பாமா, வாழ்வே கைநழுவிய நிலையில் எழுதத் தொடங்கியதுதான் 1992இல் 'கருக்கு' நூலாக வந்தது. அதை எழுதியது தன்னை ஆற்றியது என்று அவர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். தலித் பெண்ணாகப் பட்டதைச் சொல்லத் தமிழ்த் தன்வரலாற்று எழுத்தில் அதுவரை இடமில்லாமல் இருந்தது. அந்த இடத்தை அவரே உண்டாக்கினார்.

எல்லாருக்கும் ஒரே விதம் பொருந்தாது என்பதற்கு 2017இல் சியன் லூ குழுவின் ஆய்வும் உண்டு. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 96 சீன அமெரிக்கப் பெண்கள் கலந்துகொண்டார்கள். ஆழ்ந்த உணர்ச்சிகளை எழுதச் சொன்ன குழுவைவிட, நோயும் சிகிச்சையும் எப்படிப் போயின என்ற தகவல்களை எழுதச் சொன்ன குழுவே ஆறு மாதத்தில் மேலான நிலையில் இருந்தது. உணர்ச்சியை நேராகக் கொட்டிப் பழகாத சமூகத்தில், நடந்ததை வரிசையாகச் சொல்வதே மனத்தைத் திறக்கும் வழியாக இருக்கலாம். நம் பாட்டிமார் ஆபரேஷன் கதையைச் சொல்வதைக் கேட்டவர்களுக்கு இது வியப்பாக இராது.

இதை மந்திரம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆய்வுகள் கூடக் கூடச் சராசரிப் பலன் சுருங்கியது. ஃப்ராட்டரோலியின் 146 ஆய்வுத் தொகுப்பில் அது 0.075, தொடர்பே இல்லாவிட்டால் 0, முழுத் தொடர்பு இருந்தால் 1 என்ற அளவில். 2023இல் 31 ஆய்வுகளைத் தொகுத்தபோதும் மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றில் பலன் சிறிதாகவே இருந்தது. அதுவும் எழுதிய கையோடு தெரியாமல், நாள் கழித்துத் தலைகாட்டியது. சிறிய பலன்தான். ஆனால் செலவு ஒரு பேனாவும் ஒரு மணி நேரமும். மருத்துவர் துணையோடு கட்டுக்கோப்பாகச் செய்தால் அதே எழுத்து பெரிய வேலையும் செய்கிறது. டெனிஸ் ஸ்லோனும் பிரையன் மார்க்ஸும் பெரும் அதிர்ச்சிக்குப் பின்வரும் மனப்பாதிப்புக்கு எழுத்தையே சிகிச்சையாக வடிவமைத்தார்கள். 2018இல் 126 பேரிடம் செய்த சோதனையில், 5 அமர்வு எழுத்துச் சிகிச்சை 12 அமர்வு வழக்கமான சிகிச்சைக்குக் குறையாத பலன் தந்தது. பாதியில் விட்டுப் போனவர்கள் எழுத்துச் சிகிச்சையில் நூற்றுக்கு 6 பேர். மற்றதில் 40 பேர் அளவுக்கு. எதிரே உட்கார்ந்து வாயால் சொல்ல முடியாதவர்கள் எழுதச் சொன்னால் இருந்து முடிக்கிறார்கள்.

இந்தியாவில் 2022இல் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கும் மேல் ஆண்கள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மனச்சோர்வு பெண்களிடம் அதிகம், தற்கொலைச் சாவு ஆண்களிடம் அதிகம். இந்த இரண்டு உண்மைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. உயிரை விடும் எண்ணம் வருகிறவர் காகிதத்தோடு தனியே உட்கார வேண்டியதில்லை; யாரிடமாவது பேச வேண்டும். அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம், எந்த நேரமும்.

மற்றவர்கள் முயன்று பார்க்க விரும்பினால், யாரும் குறுக்கிடாத 15 அல்லது 20 நிமிடம் போதும், மூன்று நான்கு நாள் போதும். நடந்ததை எழுதுங்கள், அது உங்களை என்ன செய்தது என்பதையும் எழுதுங்கள். நிறுத்தாமல் எழுதுங்கள். எழுதியதும் ஒன்றிரண்டு மணி நேரம் மனம் கனமாக இருப்பது வழக்கம். கனம் நாள் கணக்கில் நீடித்தாலோ, நாலு நாளும் ஒரே பல்லவியே வந்தாலோ விட்டுவிடுங்கள். எழுத எழுத அடி சறுக்குகிற மாதிரி இருந்தாலும் உடனே நிறுத்திவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விடலாம் என்பது பென்னிபேக்கரே வைத்த விதி. துக்கம் நடந்த அதே வாரத்தில் வேண்டாம். சில வாரம் போகட்டும்.

பள்ளிக்கூடத்தைப் பற்றியும் எனக்கு ஓர் ஆசை உண்டு. வளரிளம் பருவத்தினரிடம் நடந்த 21 ஆய்வுகளை 2015இல் தொகுத்தபோது பலன் சிறிதாயினும் இருந்தது. நம் தமிழ் வகுப்பில் கடிதம் எழுதப் பயிற்சி உண்டு, கட்டுரைக்கு உண்டு. பதினாலு வயதுப் பையன் ஒருவன் தன்னைப் பற்றித் தனக்கே எழுதிக்கொள்ள நேரம் இல்லை. மாதம் ஒரு பாடவேளையில் பதினைந்து நிமிடம் ஒதுக்கலாம். எழுத விருப்பமில்லாதவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கலாம். பேச வேண்டும் என்று வருகிறவர்களுக்கு ஆலோசகரோ நம்பிக்கையான ஆசிரியர் ஒருவரோ இருக்க வேண்டும். சிவப்பு மை வேண்டாம், மதிப்பெண் வேண்டாம், நோட்டை யாரும் வாங்கிப் பார்க்கக் கூடாது. மணி அடித்ததும் தாளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போகட்டும், பையன்களும் பெண் பிள்ளைகளும்.